லோசானின் வலது கால்

“அசையாதீங்க மச்சான். இது தகரம் வெட்டுற கத்திரி. இதுக்குத் தகரமும் ஒண்ணுதான், தோலும் ஒண்ணுதான்.”

சமையலறை மேசைமேல் ஒரு முழங்காலை ஊன்றி, நாக்கைக் கடித்துக்கொண்டு, மாவுக்கட்டின் மேல் விளிம்புக்குள் கத்திரியின் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தான் வெனெலின். மேசையில் மல்லாந்து கிடந்தவர் அவன் மனைவியின் அண்ணன் லோசான். வலது காலில் தொடை உச்சியிலிருந்து கணுக்கால்வரை ஒரே வெள்ளைக் குழாய். அதன்மேல் ஊர்க்காரர்கள் பேனாவால் எழுதிய வாழ்த்துகள் பாதி, வசைகள் பாதி. அவரைப் பிள்ளைகள் பனியில் சறுக்கி விளையாடும் வண்டியில் உட்கார வைத்து, தெரு முழுக்க இழுத்து வந்து இந்த மேசையில் ஏற்றியிருந்தான் வெனெலின். ஆண்டின் முதல் நாள் காலையில் ஒருவர் தன் மச்சானுக்குச் செய்யக்கூடிய மரியாதை அவ்வளவுதான்.

“என்ன மாப்பிள்ளை அவசரம்? ரோடு பனியில அடைச்சுக் கிடக்கு. வழி விட்டதும் டவுனுக்குப் போய் முறையாப் பிரிச்சுக்கறேன். இந்த ஒரு வருஷம் நீ எனக்குப் பதிலா நின்னுடேன்.”

“பதிலாவா?” கத்திரியை அழுத்தினான். நறுக்கென்றது. “உங்க பின்னால நின்னு நின்னே என் பாதி ஆயுசு போயிடுச்சு.”

“ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாருங்க,” என்றாள் ருமேனா. வெனெலினின் மனைவி, லோசானின் பாதத்தை அக்குளில் இடுக்கிப் பிடித்திருந்தாள். “இந்த மேசையில நான் மாவு தேய்க்கணும். மதியத்துக்கு வீட்டுக்கு ஆள் வர்றாங்க.”

மதியம் என்ற சொல்லைக் கேட்டதும் வெனெலினின் கை வேகம் பிடித்தது. மதியம் மாதா கோயில் மணி அடித்ததும் வாசகசாலைப் பரணிலிருந்து மணிப் பட்டைகளை இறக்குவார்கள். அதற்குள் இந்தக் கட்டு பிரிந்தாக வேண்டும்.

திரேனோவ் ஊரின் ஆண்கள் ஆண்டு முழுக்கச் சும்மா இருந்துவிட்டு ஜனவரி பதினாலாம் தேதி காலையில் மட்டும் உழைப்பார்கள். ஆட்டுத்தோல் போர்த்தி, இறகு வைத்த முகமூடி மாட்டி, இடுப்பைச் சுற்றி வெண்கல மணிகளைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகக் குதிப்பார்கள். மணிச் சத்தத்துக்குப் பயந்து கெட்டது எல்லாம் மலையைத் தாண்டி ஓடிவிடும். மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இதில் வருத்தம் உண்டு. அவர்களும் அதே காலையில் குதித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கூட்டத்துக்கு முன்னால் குதிப்பவர் தலைவர். அவர் கட்டுவது தலைமைப் பட்டை. எருமைத்தோல் வாரில் கோத்த மணிகள்; கொழுத்த ஆட்டுக்கடா ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு குதிப்பதற்குச் சமம். அந்தப் பட்டையை யாரும் கேட்கக்கூடாது, யாரும் கொடுக்கவும் கூடாது. கேட்டவன் பேராசைக்காரன், கொடுத்தவன் தொடைநடுங்கி. தலைவர் செத்தால் பட்டை கைமாறும். இல்லையென்றால் ஊர் பார்க்கக் குதிக்கும்போது அவர் கால் மடங்கி விழ வேண்டும். பட்டை இறக்கும் நேரத்தில் அவர் கட்டுப் போட்டுக் கிடந்தாலோ, அது நோய். அந்த வருஷத்துக்கு மட்டும் ஒரு பதிலாள் குதிப்பான். அடுத்த வருஷம் பட்டை பழைய இடுப்புக்கே திரும்பிவிடும்.

தலைவர் லோசான். அவருக்குப் பின்னால் இரண்டாம் ஆளாகக் குதித்துக் குதித்தே வெனெலினின் மீசை நரைத்துவிட்டது. பதிலாள் வேலை அவனுக்கு வேண்டாம். கட்டு இன்றே பிரிய வேண்டும், உள்ளே கால் குச்சியாக இளைத்திருக்க வேண்டும், அந்தக் குச்சி பதினாலாம் தேதி ஊர் நடுவில் முறிய வேண்டும். மனைவியின் கூடப்பிறந்தவருக்காக அவன் அதைவிடப் பெரிதாக எதையும் வேண்டிக்கொள்ளவில்லை.

ஆனால் அந்தக் குச்சி கிடைக்காமல் போவதற்கு வேண்டியதை எல்லாம் செய்து வைத்திருந்தவள் அவன் பெற்ற பெண்ணேதான்.

கதை ஆகஸ்டில் ஆரம்பித்தது. காவ்ரிலின் மதுக்கடையில் லோசான் எழுந்து நின்று, முட்டியில் சவ்வு கிழிந்திருப்பதாகவும், நவம்பர் நடுவில் ப்ளோவ்திவ் பக்கம் ஒரு கிளினிக்கில் சின்னத் துளை போட்டு ஆபரேஷன் என்றும், பிறகு புது வருஷம் வரைக்கும் கால் கட்டுக்குள்தான் என்றும் அறிவித்தார்.

“கட்டுல கெடந்தா சதை கரைஞ்சு போகுமாம்,” என்றார் பெருமூச்சோடு. “ஜனவரியில நிக்க முடியுமோ முடியாதோ. என்ன பண்றது, விதி.”

வெனெலின் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மச்சானின் கோப்பையை நிரப்பினான். மனசுக்குள் தலைமைப் பட்டையின் வாரைத் தன் இடுப்பு அளவுக்கு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

“மாமா, ஒரு நிமிஷம்,” என்றது மூலையிலிருந்து ஒரு குரல்.

வெனெலினின் மகள் கலினா. சோஃபியாவில் விளையாட்டு மருத்துவப் படிப்பு, விடுமுறைக்கு வந்திருந்தாள். காலையோ கையையோ கட்டுப் போடுவதற்கு முன்னாலேயே பளு தூக்கிப் பலப்படுத்திவிட்டால் சதை இழப்பைச் சமாளிக்கலாமா என்பது அவள் ஆராய்ச்சி. ஆராய்ச்சிக்கு ஆள் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தவளுக்குத் தாய்மாமனே முட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தால் விடுவாளா?

“கட்டுப் போட்டா சதை குறையும் மாமா. அதை முழுசா நிறுத்த முடியாது. ஆனா படியில இருந்து எறங்கத்தான் போறோம்னு தெரிஞ்சா, முன்னாடியே நாலு படி மேல ஏறி நின்னுக்கலாமே. அப்புறம் எறங்கினாலும் தரைக்கு வந்துட மாட்டோம்.”

“முட்டைக்கோஸ் ஊறுகாய் மாதிரி,” என்றான் கடைக்காரன் காவ்ரில். “குளிருக்கு முன்னாடி பீப்பாயை நெரப்பிடணும். தின்னு தின்னு பாதி ஆனாலும் மீதி இருக்கும்.”

கடையே இதை ஆமோதித்தது. லோசானின் முகம் மட்டும் கெட்டுப்போன தயிரை வாயில் வைத்தவர் முகம் மாதிரி ஆயிற்று.

“எனக்கு எதுக்கும்மா இந்த வயசுல?”

“வயசானவங்களுக்குத்தான் மாமா இது ரொம்ப வேணும்.”

அதற்குமேல் அவரை யாரும் கேட்கவில்லை. திரேனோவில் ஐம்பதைத் தாண்டிய ஒவ்வொரு ஆணும் ஒரு காலத்தில் பளு தூக்க ஒலிம்பிக்குக்குப் போயிருக்க வேண்டியவன். ஒருவனை முட்டி தடுத்தது, ஒருவனை அம்மா தடுத்தாள், மற்றவர்களைப் பயிற்சியாளரின் பொறாமை தடுத்தது. ஆகவே கடையில் இருந்த எல்லாரும் பயிற்சியாளர்கள். லோசான் வாயைத் திறப்பதற்குள் அவருடைய பஸ்கிக்கும் புரதத்துக்கும் முடிவு கட்டியாயிற்று.

“நான் வாரக் கடைசியிலதான் வர முடியும்,” என்றாள் கலினா. “மத்த நாளெல்லாம் அப்பா பாத்துப்பாரு. வாசகசாலைச் சாவி அவர்கிட்டதானே இருக்கு.”

வெனெலின் மீசைக்குள் சிரித்தான். திருடன் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு, பத்திரமாகப் பூட்டிக்கொள் என்கிறாள் மகள்.

வாசகசாலையின் பின் அறையில் பழைய பளு தூக்கும் சங்கத்தின் இரும்பெல்லாம் துருப்பிடித்துக் கிடந்தது. முதல் நாள் வெனெலின் ஒரு பை நிறைய புகைபோட்ட கறியும் ஒரு புட்டி ரக்கியாச் சாராயமும் கொண்டு வந்தான்.

“மொத நாள் மச்சான். ஒடம்பை மெரள வைக்கக்கூடாது.”

“நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்று லோசான் உடனே உட்கார்ந்துவிட்டார்.

இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று வெனெலின் எதிர்பார்க்கவில்லை. அவன் ஒரு சாக்குச் சொன்னால் மச்சான் இரண்டு சொன்னார். ஒரு நாள் சிலுவைத் திருநாள்; இரும்பைத் தொட்டால் பாவம். இன்னொரு நாள் புனித பெத்காவின் நாள். ஊரில் பெத்கா என்று பெயர் வைத்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்ச் சாப்பிடாவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். அப்புறம் திமித்தர் நாள். ஊரில் பாதிப் பேர் திமித்தர்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. செப்டம்பரில் ஒரு நாள், பேச்சுக்கு ஒரு தடவையாவது தூக்கி வைப்போம் என்று லோசான் பளுக்கம்பியைத் தோளில் ஏற்றிப் பஸ்கி எடுத்தார். குதிகால் மேலே கிளம்பியது, முட்டி உள்ளே சாய்ந்தது, முதுகு தூண்டில் முள் மாதிரி வளைந்தது.

வெனெலின் கண்ணை மூடிப் பார்த்தான். முடியவில்லை.

“என்ன மச்சான் இது? பஸ்கியா, இல்ல கோழி முட்டை போடுதா?”

“எப்படியோ போட்டுட்டுப் போகுது. உனக்கென்ன?”

“குதிகாலைத் தரையில வைங்க.”

“நான் தப்பாவே எடுத்துக்கறேனே மாப்பிள்ளை.”

“என் கண்ணு முன்னாடி எடுக்காதீங்க. வைங்கங்கறேன். முதுகு நேரா. ம். இப்ப மெதுவா எறங்குங்க.”

வெனெலினுக்கு இதுதான் வியாதி. பையனாக இருந்தபோது மாவட்ட அணியில் கொஞ்ச காலம் தூக்கியவன். வஞ்சகம், பொறாமை, பொறுமை எல்லாம் கடவுள் அவனுக்குத் தாராளமாகவே கொடுத்திருந்தார். தப்பாகப் பஸ்கி எடுப்பவனைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கும் சக்தியை மட்டும் கொடுக்க மறந்துவிட்டார். தினமும் வீட்டுக்கு நடக்கும்போது, நாளைக்கு வாயே திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்வான். மறுநாள் லோசானின் குதிகால் ஒரு விரல்கடை கிளம்பும். சத்தியம் காற்றில் போகும். கனம் குறைவாக இருந்தால் குதிகால் எங்கே தவறுகிறது என்று சரியாகத் தெரியவில்லை என்பதற்காக, கனத்தையும் கொஞ்சம் ஏற்றுவான்.

சனிக்கிழமைகளில் கலினா வந்து இஞ்ச் டேப்பால் தொடையைச் சுற்றி அளப்பாள். அப்பாவின் கன்னத்தில் முத்தம் வைப்பாள்.

“உங்களை மாதிரி ஒரு கோச் சோஃபியாவுலயே இல்லப்பா.”

அந்த ஒரு வார்த்தை அடுத்த சனிக்கிழமைவரை தாங்கும்.

அக்டோபர் முடிவதற்குள் லோசானின் கால்சட்டைகளை ருமேனா தையல் பிரித்து விட வேண்டியதாயிற்று. “எங்கண்ணனுக்கு இந்த வயசுல தொடை வந்திருக்கு,” என்று தெரு முழுக்கச் சொன்னாள். லோசானோ நாளுக்கு நாள் சோர்ந்துகொண்டே வந்தார். ஆபரேஷன் பயம் என்று ஊர் நினைத்தது. நவம்பரில், துணைக்கு வருகிறேன் என்று சொன்னவர்களை எல்லாம் தடுத்துவிட்டுத் தனியாகப் பஸ் ஏறினார். சில நாள் கழித்துக் காலெல்லாம் கட்டோடு திரும்பி வந்தார்.

அதன் பிறகு வெனெலின் தவறாமல் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். கட்டைத் தட்டிப் பார்ப்பான். பழுத்த தர்பூசணியைத் தட்டுவது போல் காதை வைத்துக் கேட்பான்.

“உள்ள எளைச்சிருக்கும்ல மச்சான்?”

“எளைச்சா நல்லது.” லோசான் சட்டென்று நிறுத்தினார். “அதாவது, எளைக்காம இருந்தா நல்லது.”

வெனெலினுக்கு அந்தத் தடுமாற்றம் உறைக்கவே இல்லை. அதே தடுமாற்றம் தன் வாயிலும் வந்துவிடுமோ என்ற பயத்திலேயே இருந்தான்.

சமையலறை மேசையில் கத்திரி கணுக்காலைத் தொட்டது. மாவுக்கட்டு இரண்டாகப் பிளந்தது. வெனெலின் கத்திரியை வீசிவிட்டு இரு கையாலும் பிளவை விரித்தான்.

முதலில் வந்தது நாற்றம். ருமேனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்து வந்தது கால். வெளிறி, தோல் செதில் செதிலாக உரிந்து, பழைய சுவர் மாதிரி இருந்தது. ஆனால் குச்சி எங்கே? வெனெலின் கட்டுக்குள் எட்டிக்கூடப் பார்த்தான். அங்கே பஞ்சுதான் இருந்தது.

டேப்போடு காத்து நின்ற கலினா தோலையும் பார்க்கவில்லை, முட்டியையும் பார்க்கவில்லை. ஆராய்ச்சிக்காரிக்கு வேண்டியது தொடை. டேப்பைச் சுற்றினாள். மறுபடி சுற்றினாள்.

“குறைஞ்சிருக்கு,” என்றாள்.

வெனெலினுக்கு மூச்சு வந்தது. “எவ்வளவு? நெறையவா?”

“குறையணும், குறைஞ்சிருக்கு. ஆனா எங்க வந்து நின்னிருக்கு தெரியுமாப்பா? ஆகஸ்ட்ல நான் மொதல்ல அளந்தேனே, அந்த எடத்துல. ஏத்தி வெச்சதுதான் போயிருக்கு. மாமாவோட பழைய கால் அப்படியே இருக்கு.” தாய்மாமனின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். “மாமா, என்னைக் காப்பாத்திட்டீங்க.”

லோசான் தலையைத் தூக்கித் தன் வலது காலைப் பார்த்தார். சொல்லாமல் கொள்ளாமல் வந்து தங்கிவிட்ட தூரத்துச் சொந்தக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

கோயில் மணி அடித்தது. வாசகசாலைப் பரணிலிருந்து தலைமைப் பட்டை இறங்கியது. தலைவர் காலில் கட்டு இல்லாததால் பதிலாள் பேச்சே எழவில்லை.

இன்னும் நம்பிக்கை இருந்தது வெனெலினுக்கு. தொடை இருந்தால் ஆயிற்றா? அத்தனை நாள் நீட்டியே கிடந்த முட்டி துருப்பிடித்த கீல் மாதிரி இறுகியிருக்குமே. கலினா விடுமுறையை நீட்டித்துக்கொண்டு தினமும் அந்தக் கீலுக்கு எண்ணெய் போட்டாள். மடக்கினாள், நீட்டினாள், படியேற்றினாள். ஆபரேஷன் ஆன முட்டி இவ்வளவு சீக்கிரம் வழிக்கு வருமா என்று அவளே வியந்தாள். வியப்பதற்கெல்லாம் காரணம் தேடினால் ஆராய்ச்சி முடியாது என்று விட்டுவிட்டாள். சோஃபியாவிலிருந்து தன் பேராசிரியரையும் வரச் சொல்லிவிட்டாள்.

பதினாலாம் தேதி காலை. ஊர் நடுவில் மூட்டிய தீ அணைந்து சாம்பல் புகைந்துகொண்டிருந்தது. ஆட்டுத்தோல் போர்த்திய கூட்டம் வட்டமாக நின்றது. தலைவருக்குப் பட்டை கட்டுவது இரண்டாம் ஆளின் வேலை. வெனெலின் மண்டியிட்டு எருமைத்தோல் வாரை இழுத்து இறுக்கினான். பேராசிரியர் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கத் தயாரானார். கலினா பக்கத்தில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“பாத்து மச்சான்,” என்றான் வெனெலின். வாய் சொன்னது, வாரைப் பிடித்த கை வேறு வேண்டிக்கொண்டது.

லோசான் முகமூடியை இறக்கினார். குதிக்க முட்டியை மடக்கினார். மடங்கியது. இன்னும் மடங்கியது. மணிகள் ஒருபக்கமாகச் சாய்ந்தன. கூட்டம் மூச்சைப் பிடித்தது. வெனெலினின் இடுப்பு, பட்டையின் கனத்தை ஏற்கெனவே உணர்ந்தது.

அடுத்த கணம் லோசான் நிமிர்ந்தார். நிமிர்ந்தது மட்டுமில்லை, தரையை விட்டுக் கிளம்பினார். அத்தனை மணிகளும் ஒரே அடியாக அடித்ததில் சாம்பல் பறந்தது. இன்னொரு குதி. இன்னொன்று. போன வருஷத்தைவிட உயரமாகக் குதிக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். பேராசிரியர் கலினாவின் கையைக் குலுக்கினார். கலினா அழுதாள். ருமேனா அழுதாள். வெனெலினும் அழுதான்; அது பெருமிதம் என்று ஊர் எடுத்துக்கொண்டது.

மேட்டுத் தெரு வீடுகளை முடித்துவிட்டுக் கூட்டம் அடுத்த தெருவுக்கு நகர்ந்தபோது, லோசான் மட்டும் காவ்ரிலின் வேலிக்குப் பின்னால் அவசரமாக ஒதுங்கினார். பின்னால் போன வெனெலின், அவர் வேலை முடித்துவிட்டு வேலியில் சாய்ந்து நிற்பதைப் பார்த்தான். புட்டியை நீட்டினான். அவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

“குடிச்சா மறுபடி வரும்.”

வெனெலின் புட்டியிலிருந்து தானே ஒரு வாய் குடித்தான்.

“ஒண்ணு சொல்றேன் மச்சான். திட்டினாலும் பரவாயில்ல. இன்னிக்கு நீங்க விழணும்னு நெனச்சேன்.”

“நானும்தான்.”

வெனெலின் புட்டியைக் கீழே இறக்கினான்.

“மொத குதிக்கு மடக்கினேன்ல? விழத்தான் மடக்கினேன். பாதி எறங்கினதும் குதிகால் தரையில பதிஞ்சுது, முதுகு நேராச்சு, அந்தப் பாழாப்போன காலு தானா எழுந்துக்கிச்சு. எல்லாம் உன் உபயம். இது எளைக்காதோன்னு பயந்துதான், ஒரு வருஷமாவது எனக்குப் பதிலா நில்லுன்னு அன்னிக்கு மேசையில கெஞ்சினேன்.” லோசான் இடுப்பு வாரைத் தளர்த்த முயன்று முடியாமல் விட்டார். “இதைக் கட்டினா ரெண்டு வீடு தாண்டறதுக்குள்ள ஒண்ணுக்கு முட்டுது மாப்பிள்ளை. மூணு வருஷமா ஒவ்வொரு வேலியா எண்ணிக்கிட்டுக் குதிக்கறேன். தலைவர் ஆவேசம் வந்து குதிக்கறார்ங்கறானுங்க.”

“அப்ப எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே.”

“நீ கேட்டிருக்கலாமே.”

இருவரும் கூட்டம் போன திசையைப் பார்த்தார்கள். தலைவர் எங்கே என்று யாரோ கூப்பிட்டார்கள்.

“இன்னும் எத்தனை வருஷம் மச்சான்?”

“உன் பொண்ணு சொல்றா, இந்தக் காலு எழுபது வயசுக்கும் தாங்குமாம்.” லோசான் முகமூடியைக் கையில் எடுத்தார். “சந்தோஷமாச் சொல்றா. என்னத்தைச் சொல்ல?”

“சரி, காலு ஏமாத்திடுச்சு. அந்த முட்டி என்ன ஆச்சு? ஆபரேஷன் பண்ண முட்டிதானே, அதுவாவது மக்கர் பண்ணியிருக்கக் கூடாதா? எந்த டாக்டர்கிட்டதான் போனீங்க?”

லோசான் முகமூடியை மாட்டினார். உள்ளிருந்து குரல் கம்மலாக வந்தது.

“முட்டிக்கு என்ன? அது நல்லாத்தான் இருந்துச்சு. ஆபரேஷனும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கட்டுல கெடந்தா காலு எளைக்கும்னு கேள்விப்பட்டேன். எளைச்சா விழுவேன், விழுந்தா பட்டை உனக்கு வரும்னு நல்ல காலைக் கொண்டுபோய் நீட்டினேன். டாக்டர் எவன் பண்ணுவான் அதை? ப்ளோவ்திவ்ல என்கூடப் பட்டாளத்துல இருந்தவன் ஒருத்தன் பூசி விட்டான். வீட்டுச் சுவருக்குப் பூசற கொத்தனார்.”